பழைய லான்ட் றோவர் வண்டியிற் சுக்கான் தளர்வு: காரணம் அறியும் முறை

மலைநாட்டில் மரக்கறி செய்வோரும், வரண்ட பகுதிகளில் நெல் விளைவிப்போரும், பழைய லான்ட் றோவர் வண்டிகளை இன்றும் வைத்திருக்கின்றனர். கோவா, லீக்ஸ், கரட் மூடைகளைத் தோட்டத்திலிருந்து வீதிக்குக் கொண்டுவருவதற்கும், விதைநெல்லையும் பசளையையும் வயற்கரைக்குச் சேர்ப்பதற்கும் இவ்வண்டி பெரிதும் பயன்படுகின்றது. ஆயினும், வயது சென்ற இவ்வண்டிகளிற் பல, நேர் வீதியில் நேரே செல்லாது இடமும் வலமுமாக அலைகின்றன. சேற்றுப் பாதையில் மெதுவாகச் செல்லும்பொழுது இக்குறை தோன்றாது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகப் பாரத்துடன் இறங்கும்பொழுதோ, லொறிகள் எதிர்வரும் வீதியில் விரைந்து செல்லும்பொழுதோ, இதுவே உயிருக்கு ஆபத்தாய் முடியும்.

இக்குறை கண்டவுடன் பலர் செய்வது ஒன்றே. சுக்கான் பெட்டியின் பக்கத்திலுள்ள திருகாணியை முறுக்கி இறுக்குவர்; அதனாற் பயன் இல்லையாயின் புதுப் பெட்டி வாங்குவர். பெரும்பாலும் இது வீண் செலவாகும். குறை பெரும்பாலும் பெட்டிக்கு அப்பால் இருக்கும். ஆகவே, நிலத்திலிருந்து மேல்நோக்கி ஒழுங்காகச் சோதித்துச் செல்லுதல் வேண்டும். பெட்டியைக் கடைசியிலேயே தொடுதல் வேண்டும். இங்கே கூறப்படும் முறை, 1958 முதல் 1985 வரை செய்யப்பட்ட இரண்டாம், மூன்றாம் வரிசை வண்டிகளுக்குப் பொருந்தும்.

குறையின் தன்மையை முதலில் அறிக

எல்லாச் சுக்கான் குறைகளும் ஒன்றல்ல. வண்டி எப்பொழுதும் ஒரே பக்கத்திற்குச் செல்லுமாயின், அது இழுத்தல் எனப்படும்; ஒரு ரயரிற் காற்றுக் குறைவு, அல்லது ஒரு பக்கப் பிறேக்குப் பற்றிக்கொண்டிருத்தல் அதன் காரணமாகலாம். வீதியின் இடப்புறச் சரிவினால் வண்டி சிறிதளவு இடப்புறம் செல்லுதல் குறையன்று. பள்ளத்தில் விழுந்து எழுந்தபின் முன் சில்லுகள் படபடவென்று நடுங்குமாயின், முன் சில்லு திரும்பும் முளைகளே பெரும்பாலும் தளர்ந்திருக்கும். இவ்விரண்டும் இன்றி, வண்டி ஒருமுறை இடமும் ஒருமுறை வலமுமாகச் செல்ல, ஓட்டுபவர் ஓயாது திருத்திக்கொண்டிருக்க வேண்டியிருப்பின், அதுவே அலைதல் ஆகும்.

அசைவு செல்லும் வழி

சுக்கான் சில்லைத் திருப்பும்பொழுது அவ்வசைவு நீண்ட தண்டு வழியாகச் சுக்கான் பெட்டிக்குச் செல்கின்றது. பெட்டியின் வெளிப்புறத்திலுள்ள கை ஒரு நீண்ட கோலைத் தள்ளுகின்றது. அக்கோல், வண்டிச் சட்டத்தின் முன் குறுக்குத் துலாவில் நிமிர்ந்து நிற்கும் 'றிலே' என்னும் உறுப்பின் மேற்கையைத் திருப்புகின்றது. றிலேயின் கீழ்க்கை, மற்றொரு கோலினால் ஒரு பக்கச் சில்லைத் திருப்ப, இரு சில்லுகளையும் இணைக்கும் குறுக்குக் கோல் மறு சில்லையும் உடன் திருப்புகின்றது. இம்மூன்று கோல்களின் இரு முனைகளிலும் ஒவ்வொன்றாக ஆறு பந்து மூட்டுகள் உள்ளன. இவற்றைக் கராஜ்களில் 'போல் ஜொயின்ற்' என்பர். ஒவ்வொரு மூட்டிலும் சிறிது தேய்வு இருப்பினும், ஆறும் சேர்ந்து சுக்கானிற் பெருந் தளர்வாய்த் தோன்றும்.

சோதிக்கும் ஒழுங்கு

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவும். உதவிக்கு ஒருவர் வேண்டும். அடிப்புறத்துச் சேற்றை முன்னரே கழுவிவிடுதல் நன்று. சேறு மூடிய மூட்டில் எதனையும் காணல் இயலாது.

1. ரயர்: நான்கு ரயர்களிலும் காற்றை அளக்கவும். 88 அங்குலச் சிறு வண்டியின் முன் ரயர்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 25 இறாத்தல் அமுக்கம் போதுமானது. குறுக்கிழை ரயரையும் றேடியல் ரயரையும் ஒரே அச்சிற் கலந்து பூட்டுதல் கூடாது. சேற்றுக்கென ஆழப் பல் வெட்டிய ரயர்கள் தார் வீதியில் இயல்பாகவே சிறிது அலையும் என்பதையும் நினைவிற் கொள்க.

2. ஸ்பிரிங் பிணைப்பு: அச்சினை ஸ்பிரிங் பட்டைகளுடன் பிணைக்கும் யூ வடிவ ஆணிகளின் சுரைகள் இறுகியுள்ளனவா எனப் பார்க்கவும். ஸ்பிரிங் கண்களிலுள்ள இறப்பர் புஷ்கள் நைந்திருப்பின், அச்சே இடம் பெயரும். பின் ஸ்பிரிங்குகளையும் விடாது பார்த்தல் வேண்டும். பின் அச்சுச் சிறிது விலகினாலும் வண்டி அலையும்.

3. பந்து மூட்டுகள்: சில்லுகள் நிலத்தில் நிற்க, உதவியாளர் சுக்கானைச் சிறிது சிறிதாக இடமும் வலமும் அசைக்கட்டும். நீர் கீழே இருந்து, ஒவ்வொரு மூட்டின்மேலும் கை வைத்துப் பார்க்கவும். கோல் அசைந்தும் அடுத்த கை அசையாது நிற்கும் இடமே குறையுள்ள இடம். அசைவு எங்கே புகுந்து எங்கே தொலைகின்றது என்று தேடுவதே இச்சோதனையின் உயிர். இறப்பர் மூடி கிழிந்த மூட்டுக்குள் வயற்சேறும் மணலும் புகுந்து விரைவில் தேய்க்கும். தேய்ந்த மூட்டைப் பழுதுபார்க்க முனையாது, மாற்றிவிடுதல் வேண்டும்.

4. றிலே: மேற்கை அசையும் அதே வேளையிற் கீழ்க்கையும் அசைதல் வேண்டும். பிந்தி அசையுமாயின், கையை இறுக்கும் ஆணி தளர்ந்துள்ளது. றிலேயின் தண்டு பக்கவாட்டில் ஆடுமாயின், உள்ளே தேய்வு உண்டு. றிலே முழுவதும் சட்டத்தில் அசையுமாயின், அதனைப் பிணைக்கும் ஆணிகளையும், அவ்விடத்துச் சட்டம் துருப்பிடித்துள்ளதா என்பதையும் பார்க்கவும். றிலேக்குள் எண்ணெய் இருத்தல் வேண்டும். பல வண்டிகளில் அது ஆண்டுக்கணக்காக வற்றிக் கிடக்கின்றது.

எச்சரிக்கை: றிலேயின் உள்ளே வலிமை மிக்க சுருள்வில் அழுத்தி வைக்கப்பட்டுள்ளது. அதனை வீட்டிற் கழற்ற முனைதல் ஆகாது. வில் பாய்ந்து கண்ணையோ முகத்தையோ சிதைக்கும். தக்க கருவியுள்ள மெக்கானிக்கிடமே அதனை ஒப்படைக்கவும்.

5. சில்லுப் பெயாரிங்கும் முளையும்: முன் அச்சை ஜாக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் நிறுத்தவும். சில்லின் உச்சியிலும் அடியிலும் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டவும். ஆட்டம் தெரியின், உதவியாளர் பிறேக்கை மிதிக்கட்டும். அப்பொழுது ஆட்டம் நின்றால், சில்லுப் பெயாரிங் தளர்ந்துள்ளது. நில்லாவிடின், சில்லு திரும்பும் முளையின் மேற்புஷ் அல்லது கீழ்ப்பெயாரிங் தேய்ந்துள்ளது. முளைகளின் இறுக்கம் தகடுகளால் அளவிட்டு அமைக்கப்படுவதாதலின், அவ்வேலை தெரிந்தவரே செய்தல் வேண்டும்.

6. முன் சில்லுகளின் நேர்மை: இரு முன் சில்லுகளும் முன்புறத்திற் சற்றே நெருங்கி நிற்றல் வேண்டும். சில்லின் நடு உயரத்தில், முன்பக்க இடைவெளி பின்பக்க இடைவெளியிலும் 1.2 முதல் 2.4 மில்லிமீற்றர் வரை குறைந்திருப்பதே சரியானது. புதிய மூட்டுப் பூட்டிய பின்னர் இவ்வளவைச் சோதியாது விட்டால், வண்டி மீண்டும் அலைவதுடன் ரயரும் விரைவில் தேயும்.

சுக்கான் பெட்டியைத் தொடுவது எப்பொழுது?

மேற்கூறிய யாவும் சரியாயிருந்தும் சுக்கான் சில்லின் விளிம்பில் தளர்வு மிக இருப்பின், அப்பொழுதே பெட்டியைப் பார்க்கவும். இப்பழைய வண்டியில் ஏறக்குறைய ஓர் அங்குலத் தளர்வு பொறுக்கத்தக்கது. பெட்டி சட்டத்துடன் உறுதியாகப் பிணைந்துள்ளதா என்றும், உள்ளே எண்ணெய் உண்டா என்றும் முதலிற் பார்த்தல் வேண்டும்.

வண்டி பெரும்பாலும் நேரே ஓடுவதால் பெட்டியின் உள்ளுறுப்புகள் நடுநிலையிலேயே மிகுதியாகத் தேய்கின்றன; இரு ஓரங்களிலும் தேய்வு குறைவு. நடுவிலுள்ள தளர்வு முற்றும் நீங்குமளவும் திருகாணியை இறுக்கினால், ஓரங்களிற் சுக்கான் பிடித்துக்கொள்ளும். வளைவிலிருந்து வெளிவரும்பொழுது சில்லுகள் தாமாக நேர்நிலைக்குத் திரும்பாது நிற்கும்; ஓட்டுபவர் அவற்றை இழுத்துத் திருப்ப, வண்டி முன்னிலும் மோசமாக அலையும். கொண்டையூசி வளைவுகள் நிறைந்த மலைவீதியில் இதனாலாகும் கேட்டைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, முன் சில்லுகளை உயர்த்தி வைத்துச் சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் ஓரத்துக்கு ஓரம் திருப்பிப் பார்த்து, எங்கும் பிடியாத அளவிலே நிறுத்திவிடுக.

சுக்கானுக்கு அதிர்வு தாங்கி பூட்டுதலும் குறையை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

பாரம் ஏற்றும் முறை

வண்டியிற் குறை ஏதும் இல்லாதிருந்தும், பின்புறத்தில் மூடைகளை அளவுக்கு மிஞ்சி அடுக்கினால் வண்டி அலையும். பின்புறம் தாழ முன்புறம் எழும்புவதால், முன் சில்லுகள் நிலத்தை உறுதியாகப் பற்றா. கனமான மூடைகளை ஓட்டுபவரின் இருக்கையை ஒட்டி முன்னே அடுக்குக. இலகுவானவற்றைப் பின்னே வைக்குக. பாரம் ஏற்றியபொழுது மாத்திரம் வண்டி அலையுமாயின், பழுதுபார்க்கக் காசு செலவிடுமுன் பாரத்தைக் குறைத்துப் பார்க்கவும்.

எந்நிலையில் வண்டியை ஓட்டுதல் கூடாது?

பந்து மூட்டுக் குழியிலிருந்து கழன்றுவிடுமளவு தேய்ந்திருத்தல், மூட்டுச் சுரையின் பிளவு ஊசி இல்லாதிருத்தல், றிலே அல்லது சுக்கான் பெட்டி நிற்கும் சட்டம் துருவினால் வெடித்திருத்தல் ஆகிய மூன்றில் ஒன்றேனும் காணப்படின், வண்டியை அவ்விடத்திலேயே நிறுத்துதல் வேண்டும். அறுவடை காத்திருக்கின்றது என்றோ சந்தை தவறிவிடும் என்றோ ஓட்டுதல் ஆகாது. அன்றைய மரக்கறியை வேறொரு வண்டியில் அனுப்பும் செலவு சிறிது.

ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் ஒரு காலை வேளையை ஒதுக்கி மேற்கண்ட ஆறு சோதனைகளையும் செய்து, கண்டவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வைக்கவும். மெக்கானிக்கிடம் செல்லும்பொழுது 'சுக்கான் ஆடுகின்றது' என்று மட்டும் கூறாது, 'இன்ன மூட்டில் அசைவு தொலைகின்றது' என்று கூற இயலுமாயின், வேண்டாத உறுப்பை மாற்றும் செலவு தப்பும். வண்டியும் நெடுங்காலம் உழைக்கும்.