உங்களுக்குத் தெரியுமா? குண்டுமழையில் ஓடிய கேமராக்கள்!

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர்கள் கொடி நடும் போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். அதே நொடியில் பக்கத்திலேயே ஒரு சினிமா கேமராவும் ஓடியது! நாள் 1945 பிப்ரவரி 23. எடுத்தவர் சார்ஜென்ட் பில் ஜெனஸ்ட். அதுவும் கலரில்! மொத்தமே 198 ஃபிரேம்தான். ஒன்பது நாள் கழித்து அதே தீவில், ஒரு குகைக்குள் அவர் கொல்லப்பட்டார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை!

அந்தக் கொடியை நட்டவர்களின் பெயரிலேயே தப்பு இருந்தது! 2016-ல் ஒரு பெயர் மாறியது. 2019-ல் இன்னொரு பெயரும் மாறியது. உண்மையைக் காட்டிக்கொடுத்த சாட்சிகளில் ஒன்று, ஜெனஸ்டின் அந்த 198 ஃபிரேம்!

ஜப்பான் நடத்திய பேர்ல் ஹார்பர் தாக்குதல் என்று டிவியில் அடிக்கடி காட்டுகிறார்களே, அதில் பல காட்சிகள் ஸ்டுடியோவில் பொம்மைக் கப்பல்களை வைத்து எடுத்தவை! ஹாலிவுட்டின் ஜான் ஃபோர்டும் கிரெக் டோலண்டும் 1943-ல் கொடுத்த ‘டிசம்பர் செவன்த்’ படத்திலிருந்து சுட்டவை. அந்தப் படத்துக்கு ஆஸ்கரும் கிடைத்தது!

அப்படியானால் நிஜக் காட்சி? அரிசோனா போர்க்கப்பல் வெடித்துச் சிதறுவதைப் படம் பிடித்தவர் ஒரு டாக்டர்! சோலஸ் என்ற ஆஸ்பத்திரிக் கப்பலில் நின்றபடி எடுத்தார்.

ஜப்பான் சும்மா இருக்குமா? 1942-லேயே டோஹோ ஸ்டுடியோவில் ஒரு குட்டி பேர்ல் ஹார்பரைக் கட்டி, குண்டு போட்டுப் படமெடுத்துவிட்டார்கள்! தந்திரக் காட்சி நிபுணர் எய்ஜி சுபுராயா. 12 வருடம் கழித்து அவர் கைவண்ணத்தில் திரையில் எழுந்து நின்றது யார் தெரியுமா? காட்ஸில்லா!

மிட்வே தீவில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, மின்நிலையக் கூரையில் கேமராவோடு நின்றவரும் அதே ஜான் ஃபோர்டுதான். காயம்பட்டும் படத்தை முடித்தார். நீளம் 18 நிமிடம். அதற்கும் ஓர் ஆஸ்கர்!

1943 நவம்பர், தராவா தீவு. அமெரிக்க வீரரும் ஜப்பானிய வீரரும் ஒரே ஃபிரேமில்! கேமராமேன் நார்மன் ஹாட்ச் எடுத்த அபூர்வக் காட்சி அது. செத்துக் கிடந்த சொந்த வீரர்களும் படத்தில் இருந்தார்கள். அதை மக்களுக்குக் காட்டலாமா? ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே ‘காட்டுங்கள்’ என்று அனுமதித்தார்!

அன்றைய போர் விமானத்தில் விமானி விசையை அழுத்தினால் துப்பாக்கி மட்டும் இயங்காது. அதோடு இணைத்த கேமராவும் ஓடும்!

ஹிரோஷிமா மேலே எழுந்த அணுகுண்டுப் புகையை, குண்டு போட்ட விமானத்தோடு உடன் பறந்த விமானத்திலிருந்து 16 எம்எம் கேமராவில் பிடித்தவர் ஒரு விஞ்ஞானி! பெயர் ஹாரல்ட் அக்னியூ. பிற்பாடு லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்கே இயக்குநரானார்.

இனி வருவதைக் கேளுங்கள், சிலிர்க்கும்! குண்டு விழுந்த சில வாரங்களிலேயே நிப்பான் எய்காஷா என்ற ஜப்பானியச் செய்திப்பட நிறுவனம் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் படம் எடுக்க ஆரம்பித்தது. நாகசாகியில் ஒரு கேமராமேனை அமெரிக்க ராணுவம் பிடித்து நிறுத்தியது. பிறகு அமெரிக்க மேற்பார்வையிலேயே படம் முடிந்தது. ஓட்டினால் 2 மணி 40 நிமிடம்! அத்தனையையும் அமெரிக்கா கப்பலேற்றிக்கொண்டு போனது. அத்தனையும் போயிற்றா? இல்லவே இல்லை! படக்குழு ஒரு பிரதியை லேப் கூரைக்குள் ஒளித்துவிட்டது. ஜப்பானில் அமெரிக்க ஆக்கிரமிப்பு முடியும்வரை யாரும் மூச்சு விடவில்லை. அமெரிக்கா தன்னிடமிருந்த படத்தின் பிரதியைத் தந்ததோ 1967-ல்தான்!

அமெரிக்கர்கள் தனியாகக் கலரிலும் எடுத்தார்கள். சுமார் 90,000 அடி! எடுத்தவர்களில் ஒருவர் ஹாரி மிமுரா. அகிரா குரோசவாவின் முதல் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த அதே மனிதர்! அந்தச் சுருள்கள் பல ஆண்டுகள் ரகசியப் பெட்டிக்குள் கிடந்தன.

அதில் முதுகு முழுக்க வெந்து ரத்தச் சிவப்பாகக் குப்புறப் படுத்திருக்கும் ஒரு சிறுவன் வருவான். சுமிதேரு தனிகுச்சி. நாகசாகியில் சைக்கிளில் தபால் கொடுத்துக்கொண்டிருந்தபோது வயது 16. குப்புறப் படுத்தே கிடந்தது 1 வருடம் 9 மாதம்! பிழைத்தார். அணுகுண்டுக்கு எதிராக ஊர் ஊராகப் பேசினார். வாழ்ந்தது 88 வயது வரை!

இந்தப் படச்சுருள்களை மீட்க ஜப்பானிய மக்களே பணம் போட்டார்கள். 1980-களில் அணுகுண்டுப் படங்களுக்காக ‘10 அடி இயக்கம்’. ஆளுக்குப் பத்து அடி வாங்கக் காசு! ஒகினாவா போர்க் காட்சிகளுக்காக 1983-ல் ‘1 அடி இயக்கம்’. 100 யென் கொடுத்தால் ஓர் அடி! 16 எம்எம் சுருளில் ஓர் அடி என்றால் 40 ஃபிரேம். திரையில் இரண்டு நொடிகூட ஓடாது!

ஒகினாவாவில் வெள்ளைக்கொடி ஏந்தி நடந்து வந்த ஒரு குட்டிப் பெண்ணையும் அமெரிக்க கேமரா பிடித்திருக்கிறது. யார் அவள்? பல்லாண்டு கழித்து ‘அது நான்தான்’ என்றார் தொமிகோ ஹிகா! 1989-ல் தன் கதையைப் புத்தகமாகவே எழுதிவிட்டார்.

போர் முடிந்தும் கேமரா ஓயவில்லை. 1946-ல் பிகினி தீவில் இரண்டு அணுகுண்டுச் சோதனை. அதைப் படமெடுக்கக் கொண்டுபோன கருவிகளின் எடை 18 டன்! உலகத்தில் அன்றிருந்த சினிமா ஃபிலிமில் பாதிக்கு மேல் அங்கே குவிந்ததாகச் சொல்வார்கள்! அதற்கு முன்பே 167 தீவுவாசிகளை வெளியேற்றியாயிற்று. அவர்கள் சம்மதம் சொல்லும் காட்சியைக் கேமராவுக்காகத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள், கொடுமை! கடலைப் பிளந்து எழும் அந்தப் பிரம்மாண்ட நீர்த்தூணை ஸ்டான்லி குப்ரிக்கின் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ முடிவிலும் பார்க்கலாம்!

எடுத்த படமெல்லாம் பிழைத்ததா? இல்லை! 1978 டிசம்பர் 7. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் சூட்லாண்ட் கிடங்கில் தீ! யுனிவர்சல் நியூஸ்ரீல் என்ற செய்திப்படச் சுருள்கள் எரிந்தன. எவ்வளவு தெரியுமா? 1 கோடியே 26 லட்சம் அடி!

நம்மவர்களும் படத்தில் உண்டு! 1943 ஜூலை, சிங்கப்பூர். நேதாஜியோடு சேர்ந்து இந்திய தேசிய ராணுவ அணிவகுப்பைப் பார்வையிட்டவர் ஜப்பான் பிரதமர் தோஜோ. அதை ஜப்பானியச் செய்திப்படக் கேமரா பிடித்தது. அந்த ராணுவத்தில் சேர்ந்த மலாயாத் தமிழர்கள் ஏராளம்!

அதே தோஜோ 1946 மே மாதம் டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறார். பின்வரிசையில் இருந்த சக கைதி ஷூமெய் ஒகாவா, அவர் வழுக்கைத் தலையில் பளாரென்று ஒரு தட்டு! அதுவும் படத்தில் பதிவாகியிருக்கிறது. அந்த விசாரணைச் சுருள்களைக் கோத்து 1983-ல் இயக்குநர் மசாகி கோபயாஷி ஒரு படம் தந்தார். நீளம் 277 நிமிடம்!