பல்லாவரம் கல்லின் கதை

தாம்பரம் பக்கம் வீடு கட்டப் போர் போட்டவர்களுக்குத் தெரியும். ஒரு மனையில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அடுத்த மனையில் அதே ஆழத்துக்கு இறக்கினாலும் வெறும் கல்தூள்தான் பறக்கும். “கீழே பாறை சார்” என்று போர்க்காரர் கையை விரிப்பார். அந்தப் பாறையின் பெயர் சார்னோக்கைட்.

புதிதாக உடைத்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பச்சையும் நீலமும் கலந்த கருமை. எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுமினுப்பு. நாம் கருங்கல் ஜல்லி என்று லோடு லோடாக வாங்குவது இதைத்தான்.

இந்தக் கல்லால் ஆன பரங்கிமலை, திரிசூலம் குன்றுகள் அணைந்துபோன எரிமலைகளோ என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. எரிமலைப் பாறை என்றால் குழம்பாக மேலே வந்து, தரையில் ஆறி இறுகியிருக்க வேண்டும். இந்தக் கல்லோ சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் வெந்து உருவானது. அந்தச் சூட்டில் கனிமங்களுக்குள் இருந்த நீர் வெளியேறி, ஹைப்பர்ஸ்தீன் என்ற நீரற்ற கனிமம் பிறந்தது. சார்னோக்கைட்டின் அடையாளமே அதுதான். மேலே மூடியிருந்த பாறைகள் மழையிலும் காற்றிலும் காலகாலமாகக் கரைந்துபோக, அடியில் கிடந்தது குன்றாக வெளிப்பட்டது.

இறுகிய இந்தக் கல்லுக்குள் நீர் தங்க இடமில்லை. விரிசல்களிலும், நொறுங்கிய மேற்பகுதியிலும் மட்டுமே ஊறும். போர்க்குழாய் விரிசலைத் தொட்டால் தண்ணீர், தவறினால் தூசி.

பெயர் வந்த வழி கொல்கத்தாவில் தொடங்குகிறது. அங்கே செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறை இருக்கிறது. அதன் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், அது சென்னைப் பக்கத்துக் குன்றுகளின் கல் என்று கண்டார். சார்னோக்கின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1900இல் விரிவான ஆய்வேட்டையும் வெளியிட்டார். அண்டார்க்டிகாவிலும் நார்வேயிலும் இதே வகைப் பாறை உண்டு. ஆனாலும் மூல இடம் என்று நிலவியலாளர்கள் சொல்வது நம் பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளைத்தான். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இங்கே தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் ஒன்றை அறிவித்திருக்கிறது.

குன்றுகளில் ஒரு பகுதி ஜல்லியாகி நம் வீடுகளுக்குள்ளேயே போய்விட்டது. அங்கே மிஞ்சியவை ஆழமான குவாரிப் பள்ளங்கள். 2019இல் ஏரிகள் வறண்டு சென்னை தவித்தபோது, சிக்கராயபுரம் குவாரியில் தேங்கிய மழைநீரும் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்களில் வந்தது. தனக்குள் நீர் வைத்துக்கொள்ளாத கல், தன் காயத்தில் தேக்கி நமக்குக் கொடுத்தது. அந்தப் பள்ளங்களில் குப்பை கொட்டாமல் இருப்பதாவது நம்மால் முடியும்.