பள்ளி இசைத் தொழினுட்ப ஆய்வகத்துக்கான ஒலிவாங்கித் தேர்வு

பள்ளி இசைத் தொழினுட்ப ஆய்வகம் என்பது மாணவர்கள் பாட்டையும் கருவியிசையையும் ஒலிப்பதிவு செய்து, கணினியில் தொகுத்துக் கலவை செய்யக் கற்கும் அறை ஆகும். இங்கிலாந்தில் ஏ லெவல் நிலையில் இது தனித் தேர்வுப் பாடமாக உள்ளது. 2017 ஆம் ஆண்டு கற்பித்தல் தொடங்கிய எடெக்செல் பாடத்திட்டத்தில் ஒலிப்பதிவுப் பணிக்கு மட்டும் 20 விழுக்காடு மதிப்பெண் உண்டு. ஆகவே ஆய்வகத்தின் கருவிகள் மாணவரின் தேர்ச்சியோடு தொடர்புடையவை. அவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது விலைக்கு முன் அறையின் தன்மையைக் கவனிக்க வேண்டும்.

அறையும் தொலைவும்

வகுப்பறையின் வெறுஞ்சுவர்களும் கண்ணாடிச் சன்னல்களும் ஒலியை எதிரொலிக்கின்றன. திறந்த வெளியில், ஒலிவாங்கிக்கும் பாடுபவருக்கும் இடையிலான தொலைவு இரு மடங்கானால் நேரடி ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். அறைக்குள்ளும் நேரடி ஒலி இவ்வாறே குறைகிறது. எதிரொலியோ ஏறக்குறைய அதே அளவில் நீடிக்கிறது. இதனால், தொலைவில் வைத்த விலையுயர்ந்த ஒலிவாங்கியைவிட அருகில் வைத்த எளிய ஒலிவாங்கி தெளிவான பதிவைத் தரக்கூடும். முன்புற ஒலியை மிகுதியாகவும் பின்புற ஒலியைக் குறைவாகவும் ஏற்கும் கார்டியாய்டு வகை இத்தகைய அறைக்கு ஏற்றது.

ஒலிவாங்கி வகைகள்

டைனமிக் ஒலிவாங்கியில், சவ்வுடன் இணைந்த கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைந்து மின்சைகையை உண்டாக்குகிறது. இதற்கு வெளி மின்சாரம் தேவையில்லை. பல கைகள் மாறினாலும் தாங்கும். 1965 இல் வெளிவந்த ஷூர் எஸ்எம்57, 1966 இல் வெளிவந்த எஸ்எம்58 ஆகியவை இவ்வகையில் புகழ்பெற்றவை.

கண்டென்சர் ஒலிவாங்கியின் மெல்லிய சவ்வு நுண்ணிய ஒலிகளையும் உயர் அதிர்வெண்களையும் நன்கு பதிவு செய்கிறது. வயலின், கித்தார் போன்றவற்றுக்கு இது பொருந்தும். பெரும்பாலானவற்றுக்கு 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் தேவை. இதைக் கவனமாகக் கையாள வேண்டும்.

ஆடியோ இன்டர்ஃபேஸ்

ஒலிவாங்கியின் சைகையை எண்ணிமத் தரவாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் கருவி இது. ஒரே நேரத்தில் எத்தனை ஒலிவாங்கிகள் இயங்க வேண்டுமோ அத்தனை உள்ளீடுகள் இதில் வேண்டும். டிரம் தொகுதிக்கு கிக், ஸ்னேர், மேலே இரண்டு என நான்கு ஒலிவாங்கிகளைப் பயன்படுத்தினால், இரண்டு உள்ளீடு கொண்ட கருவி போதாது. 24 பிட், 44,100 அல்லது 48,000 ஹெர்ட்சு மாதிரி வீதம் பள்ளிப் பணிக்குப் போதுமானது.

துணைக்கருவிகள்

பாடும்போது கேட்கும் பின்னணியிசை ஒலிவாங்கிக்குள் கசியாதிருக்க, காதை முழுதும் மூடும் ஹெட்போன் தேவை. தாங்கி, பாப் வடிகட்டி, மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கம்பிவடம் ஆகியவற்றுக்கும் தொடக்கத்திலேயே நிதி ஒதுக்க வேண்டும். ஒரு வடம் பழுதானாலே ஒரு பாடவேளைப் பதிவு நின்றுவிடும். குறைந்த நிதி உள்ள பள்ளி முதலில் சில டைனமிக் ஒலிவாங்கிகளையும், போதிய உள்ளீடுகள் கொண்ட இன்டர்ஃபேஸையும், உபரி வடங்களையும் வாங்கலாம். அறையின் எதிரொலி குறைக்கப்பட்ட பின் கண்டென்சர் வகையைச் சேர்க்கலாம்.