ஒரே கோட்டில் இருவரும்

1980இல் அமெரிக்க உளவியலாளர்கள் அந்தோணி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பை வைத்தார்கள். குழந்தை ஒரு தாளத்தில் சப்பினால் காதில் அதன் அம்மாவின் குரல் கேட்கும். தாளம் மாறினால் வேறொரு பெண்ணின் குரல் வரும். அம்மா குரல் வரும்படி சப்பக் குழந்தைகள் கற்றுக்கொண்டன. நான்கு ஆண்டுகள் கழித்து டிகாஸ்பர் இதே சோதனையை அப்பாக்களின் குரலை வைத்துச் செய்து பார்த்தார். இரண்டு ஆண் குரல்களைக் குழந்தைகளால் பிரித்தறிய முடிந்தது. ஆனால் அப்பாவின் குரலை அவை தனியாக விரும்பித் தேடவில்லை.

இதில் அப்பாக்கள் வருந்த ஒன்றுமில்லை. கருவுக்கு ஏறக்குறைய 25 வாரம் ஆகும்போது காது வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. அம்மா பேசும்போது அந்த அதிர்வு அவர் உடலின் வழியாகவே உள்ளே போகிறது. அப்பாவின் குரலோ வெளியிலிருந்து, வயிற்றைத் தாண்டி, அம்மாவின் ரத்த ஓட்ட இரைச்சலுக்கு நடுவே போய்ச் சேர வேண்டும். அதனால்தான் கேட்கும் குழந்தை பிறக்கும்போதே அம்மாவுக்கு மூன்று மாத முன்னிலை இருக்கிறது.

காது கேளாமல் பிறக்கும் குழந்தைக்கு அந்த மூன்று மாதம் இல்லை. அதன் மொழிக்கு அம்மாவும் புதியவர், அப்பாவும் புதியவர். இருவரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். ஆனாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பயிற்சி மையத்துக்குப் போகிறவர் பெரும்பாலும் அம்மா மட்டும்தான். இந்த ஏற்பாட்டுக்கு அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

குழந்தைக்குக் கேட்கவில்லை என்பதே வீட்டில் உள்ளவர்களுக்கு எளிதில் தெரியாது. காது கேளாத குழந்தையும் அழும், சிரிக்கும், முதல் மாதங்களில் ‘ங்கா’ என்று மழலை பேசும். ‘பாபா’, ‘மாமா’ என்று எழுத்துகளைக் கோத்துச் சொல்லும் பருவம் தள்ளிப்போகும்போதுதான் வித்தியாசம் தெரியவரும். அதற்குள் முதல் பிறந்தநாள் நெருங்கிவிடும். நல்லவேளையாக, பிறந்த ஓரிரு நாளிலேயே இதைக் கண்டறிய ஒரு வழி உண்டு. ஆரோக்கியமான உட்காது ஒலியைக் கேட்பதோடு நிற்பதில்லை, தானும் மெல்லிய ஒலியை எழுப்புகிறது. இங்கிலாந்தின் டேவிட் கெம்ப் 1978இல் இதை நிறுவினார். தூங்கும் சிசுவின் காதில் சிறு முனையை வைத்து ‘டிக் டிக்’ என்ற ஒலியை அனுப்பினால், உட்காதின் மயிர்ச் செல்கள் அதற்குப் பதில் ஒலி தரும். அந்தப் பதில் வராவிட்டால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் உதவியின் தொடக்கம் என்பது உலகெங்கும் பின்பற்ற முயலும் அட்டவணை.

இவ்வளவு அவசரத்துக்குக் காரணம் மூளை. ஒலிக்குப் பெருமூளை தரும் மின் துலங்கலை அனு சர்மா என்ற ஆய்வாளரின் குழு 2002இல் அளந்து காட்டியது. உட்காதில் வைக்கப்படும் காக்ளியர் இம்பிளாண்ட் என்ற மின்கருவி மூன்றரை வயதுக்குள் பொருத்தப்பட்ட குழந்தைகளிடம் அந்தத் துலங்கல் சில மாதங்களிலேயே வயதுக்கேற்ற அளவை எட்டியது. ஏழு வயதுக்குப் பிறகு பொருத்தப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது கைகூடவில்லை.

ஆனால் கருவி பொருத்திவிட்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மேரி பேட் மோலர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று. செவித்திறன் குறைந்த 112 குழந்தைகளின் ஐந்து வயதுச் சொல்வளத்தை அவர் பார்த்தார். 11 மாதத்துக்குள் பயிற்சியில் சேர்ந்தவர்கள், குறைபாடு எந்த அளவில் இருந்தாலும், கேட்கும் குழந்தைகளுக்கு அருகில் வந்திருந்தார்கள். இதைப் பலரும் எதிர்பார்த்திருப்பார்கள். அதே அளவு அழுத்தமாகத் தெரிந்த இன்னொன்று, குடும்பம் எவ்வளவு ஈடுபட்டது என்பது. ஒவ்வொரு குடும்பத்தின் ஈடுபாட்டுக்கும் அவர்களோடு பழகிய பயிற்சியாளர்களே 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டிருந்தார்கள். தாமதமாகச் சேர்ந்தாலும் குடும்பம் முழுமூச்சாக இறங்கியிருந்தால் குழந்தை பெருமளவு ஈடுகட்டியது. தாமதமும் ஒதுக்கமும் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகள்தான் மிகவும் பின்தங்கினார்கள்.

ஆனால் இத்தகைய ஆய்வுகளில் ‘பெற்றோர்’ என்று எழுதியிருக்கும் இடங்களில் பெரும்பாலும் பதில் சொல்லியிருப்பவர் அம்மா. இந்தப் பழக்கம் பழையது. ஹாலிவுட் நடிகர் ஸ்பென்சர் ட்ரேசியின் மகன் ஜான் காது கேளாதவர். மகனுக்குத் தானே பாடம் சொல்லிக்கொடுத்த தாய் லூயிஸ், 1942இல் லாஸ் ஏஞ்சலஸில் மகன் பெயரிலேயே ஒரு மையம் தொடங்கி, மற்ற பெற்றோருக்கும் அஞ்சல் வழியாக இலவசப் பாடங்கள் அனுப்ப ஏற்பாடு செய்தார். அப்பாவின் பங்கு பெரும்பாலும் பணம். பாதை காட்டிய அந்த வீட்டிலேயே வேலைப் பிரிவினை அப்படித்தான் அமைந்தது.

ஈடுபாடு என்பது நடைமுறையில் என்ன? முதலில் தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 60 டெசிபலாக இருக்கும் பேச்சு, நான்கு மீட்டரில் 48 ஆகிவிடும். நடுவில் மிக்ஸியும் டிவியும் ஓடினால் காது மெஷின் பேச்சோடு அந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். சமையலறையிலிருந்து கூப்பிடும் குரல் குழந்தைக்கு வெறும் இரைச்சல். பக்கத்தில் உட்கார்ந்து, டிவியை நிறுத்திவிட்டு, “சட்டை போடலாமா? இந்தக் கை எங்கே போச்சு?” என்று கேட்பதுதான் பாடம். அடுத்தது மெஷின் காதில் இருக்கும் நேரம். நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் அணிந்த குழந்தைகளின் மொழி விரைவாக வளர்ந்ததை அமெரிக்க ஆய்வொன்று காட்டியிருக்கிறது. பிடுங்கி எறியும் ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் 10 மணி நேரத்தை ஒருவரே காப்பது கடினம். பேட்டரி மாற்றுவது, காது வளர வளரத் தளர்ந்து ‘கீ’ என்று கத்தும், காதுக்குள் பொருந்தும் மோல்டைப் புதிதாக எடுக்க அழைத்துப் போவது எல்லாம் அம்மாவுக்கு மட்டுமே தெரிந்த வித்தையாக இருக்க வேண்டியதில்லை.

சைகை மொழியைத் தேர்ந்தெடுத்த குடும்பத்துக்கும் இதே கணக்குதான். கேட்கும் குழந்தை பந்தைப் பார்த்துக்கொண்டே ‘பந்து’ என்ற சொல்லைக் கேட்கிறது. காது கேளாத குழந்தைக்குப் பந்தும் சொல்லும் கண் வழியாகவே வர வேண்டும். காது கேளாத பெற்றோர் இதை அழகாகக் கையாள்கிறார்கள். குழந்தை பார்க்கும் இடத்துக்கே கையைக் கொண்டுபோய்ச் சைகை செய்வார்கள், மெல்லத் தட்டி அழைப்பார்கள், அது நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பார்கள். காது கேளாத குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பதால், இந்தப் பொறுமையை அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கற்றுக்கொண்டால் பலன் பெரிது. ஆறு மாதத்துக்குள் அமெரிக்கச் சைகை மொழி கிடைத்த குழந்தைகள், பெற்றோர் கேட்பவர்களாக இருந்தும், வயதுக்கேற்ற சொல்வளம் பெற்றதை 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அம்மா மட்டும் சைகை கற்ற வீட்டில் அவர் இல்லாத நேரமெல்லாம் குழந்தைக்கு மொழியே இல்லாத நேரம். சாப்பாட்டு நேரத்தில் அப்பா சொல்வதை ஒவ்வொரு முறையும் அம்மா எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தால், அப்பாவோடு அந்தப் பிள்ளைக்கு நேரடியான சண்டைகூட வராது.

அப்பாவால் மட்டுமே வரக்கூடியது ஏதாவது உண்டா? கேட்கும் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. இரண்டு வயதில் அப்பாக்கள் ‘ஏன்’, ‘எங்கே’, ‘எப்படி’ என்று கேட்ட கேள்விகள், குழந்தையின் சொல்வளத்தோடும், ஓராண்டு கழித்து அதன் பகுத்துச் சிந்திக்கும் திறனோடும் தொடர்புபட்டிருந்ததை மெரிடித் ரோவும் சக ஆய்வாளர்களும் 2017இல் கண்டார்கள். காது கேளாத குழந்தையிடம் பெரியவர்கள் பலர் ‘இது என்ன, சொல்லு’ என்று பெயர் கேட்டே நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால் இந்தக் கேள்விகள் அங்கே இன்னும் அதிகமாகத் தேவைப்படும் என்றே நினைக்கிறேன்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்றதும் விரல் நீள்வது அம்மாவை நோக்கி. கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாள், அவள் வீட்டில் யாருக்கு இருந்தது என்று கேட்பார்கள். பிறவிச் செவித்திறன் குறைவுக்குப் பரவலான மரபணுக் காரணங்களில் ஒன்று ஜிஜேபி2 மரபணுவில் வரும் மாற்றம். இது பெரும்பாலும் ஒடுங்கிய பண்பாகக் கடத்தப்படுகிறது. அம்மாவிடமிருந்து மாறிய பிரதி ஒன்றும் அப்பாவிடமிருந்து மாறிய பிரதி ஒன்றும் சேர்ந்தால்தான் குழந்தையிடம் வெளிப்படும். பெற்றோர் இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இருவரும் ஒரே மாறிய பிரதியைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுதல். அம்மா மட்டும் தன்னைக் குற்றவாளியாக எண்ணிக்கொள்ள இதில் இடமே இல்லை. இதை மருத்துவர் அப்பாவையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளாண்ட் கிடைப்பதால், லட்சக்கணக்கில் செலவாகும் அறுவை சிகிச்சை ஏழை வீடுகளுக்கும் எட்டியிருக்கிறது. காது கேளாத குழந்தைகளுக்காக 1969இல் தொடங்கிய சென்னை பால வித்யாலயா பள்ளியில் அம்மாக்கள் குழந்தையோடு வகுப்பில் உட்கார்ந்து கற்கிறார்கள். அந்த அம்மாக்களின் உழைப்பை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வாரநாளில் காலை 11 மணிக்குத் தெரபி என்றால் தினக்கூலிக்குப் போகும் அப்பா எப்படி வருவார்? ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தாலும் மூலையில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னால் மறுமுறை வரமாட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறாவது அப்பாக்களுக்கென்று ஒதுக்கி, அம்மாவை வெளியே அமரச் சொல்லி, பொம்மையை அப்பா கையில் கொடுக்க வேண்டும். துபாயிலும் குவைத்திலும் இருக்கும் அப்பாக்களுக்கு அந்த வாரப் பாடத்தை வீடியோவாக அனுப்பலாம். வீடியோ அழைப்பில் முகத்தில் வெளிச்சம் படும்படி உட்கார்ந்து, உதடும் கையும் தெரிய ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பிள்ளை பதில் சொல்லும்வரை அவசரப்படாமல் இருந்தால் அன்றைய பயிற்சியில் அவரும் பாதியைச் செய்துவிட்டார்.