வீடியோவை முடக்கியது யார் என்று முதலில் பாருங்கள்

ஊராட்சி நிதி முறைகேடு, ஆற்றுமணல் லாரி, கட்சிக் கூட்டத்தில் ஒருவர் பேசிய பேச்சு என்று உள்ளூர் அரசியலை வீடியோவாகப் போடும் சிறு யூடியூப் சேனல்கள் இன்று தாலுகாவுக்குத் தாலுகா இருக்கின்றன. அவற்றில் ஒரு வீடியோ காணாமல் போனால் நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். முதலில் ‘அரசு முடக்கிவிட்டது’ என்று ஒரு லைவ் போடுவார்கள். பிறகு பயம் பிடித்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் வீடியோக்களைத் தாங்களே அழிப்பார்கள். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து வழக்கறிஞரைத் தேடிப் போவார்கள். யூடியூபிலிருந்து வந்த மின்னஞ்சலைக் காட்டுங்கள் என்பார் அவர். அது எடிட்டிங் பார்த்த பையனின் ஜிமெயிலுக்குப் போயிருக்கும், அவனோ வேலையை விட்டுப் போயிருப்பான். சரி, கேமராவில் எடுத்த அசல் கோப்பு எங்கே என்பார். கார்டில் இடமில்லை என்று அழித்திருப்பார்கள்.

இந்த இரண்டும் இல்லாமல் எந்த அலுவலகப் படியேறியும் பயனில்லை. அதனால்தான் கோபத்தோடு சொல்கிறேன்: வீடியோ முடங்கிய அன்றே, வேறு எதையும் செய்வதற்கு முன், அந்த மின்னஞ்சலை அனுப்புநர் முகவரி, தேதி, நேரத்தோடு பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். முடங்கிய பக்கத்தைத் திறந்து, மேலே இணைப்பு முகவரி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். எதையும் அழிக்காதீர்கள்.

அடுத்து, அந்த மின்னஞ்சலை நிதானமாகப் படியுங்கள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: காப்புரிமைப் புகார், தளத்தின் விதிகளை மீறியதாக நீக்கம், அரசு உத்தரவு. மூன்றுக்கும் வழி வேறு, காலக்கெடு வேறு. தவறான வாசலில் நின்று காலத்தைத் தொலைத்தவர்களே அதிகம்.

நான் அதிகம் பார்ப்பது காப்புரிமைச் சிக்கல்தான். பொதுக்கூட்ட மைதானத்தில் ஒலிபெருக்கியில் ஓடிய சினிமாப் பாட்டு வீடியோவில் விழுந்திருக்கும். இயந்திரம் அதைக் கண்டுபிடித்து ‘கன்டென்ட் ஐடி’ உரிமைகோரல் போட்டுவிடும். இதில் அரசுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. யூடியூப் ஸ்டுடியோவுக்குள் அந்தப் பாட்டு ஒலிக்கும் பகுதியை மட்டும் நீக்கவோ, ஒலியை நிறுத்தவோ வசதி இருக்கிறது. உரிமைகோரலே தவறு என்றால் மறுப்புப் பதியலாம். பதில் சொல்ல உரிமை கோரியவருக்கு 30 நாள். ‘ஸ்ட்ரைக்’ என்பது இதைவிடக் கடுமையானது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போகும். வீடியோவை அழித்துவிட்டால் ஸ்ட்ரைக் போய்விடும் என்று நம்புகிறார்கள். போகாது. உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் எதிர் அறிவிப்பு கொடுக்க வேண்டும். புகார் தந்தவர் 10 வேலை நாளுக்குள் வழக்குப் போட்டதைக் காட்டாவிட்டால் வீடியோ திரும்பும். ஆனால் ஒரு எச்சரிக்கை: எதிர் அறிவிப்பில் நீங்கள் எழுதும் முழுப்பெயரும் முகவரியும் புகார் கொடுத்தவர் கைக்குப் போகும். மணல் லாரியைப் பற்றிப் பேசுகிறவர் வீட்டு முகவரி யார் கையில் போகிறது என்பது சாதாரண விஷயமில்லை. வழக்கறிஞர் மூலமாக அனுப்புங்கள். யூடியூப் அதை ஏற்கிறது.

தொலைக்காட்சிச் செய்தியின் ஒரு துண்டைக் காட்டி அதை விமர்சித்ததற்காகப் புகார் வந்தால், காப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆவது பிரிவைக் குறிப்பிடுங்கள். விமர்சனத்துக்கும் நடப்பு நிகழ்வுகளைச் செய்தியாக்கவும் செய்யும் நியாயமான பயன்பாடு உரிமை மீறல் ஆகாது என்கிறது அது. பத்து நிமிடச் செய்தியை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு இந்தப் பிரிவைச் சொன்னால் நிற்காது.

இரண்டாவது வகை, தளமே தன் விதிப்படி நீக்குவது. முதலில் ஸ்டுடியோவிலேயே மேல்முறையீடு. அது தோற்றால் தளத்தின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார். அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளம் வெளியிட்டாக வேண்டும், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும் என்கின்றன 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள். அவர் பதில் திருப்தி இல்லையென்றால், பதில் கிடைத்த 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையத்திலேயே மனுச் செய்யலாம். 2023-இல் அமைந்த இந்தக் குழுக்களை நியமிப்பது மத்திய அரசுதான் என்பதால் அரசை விமர்சித்த வீடியோவுக்கு அங்கே எவ்வளவு நியாயம் கிடைக்கும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனாலும் கட்டணமில்லாத வழி. எழுத்தில் ஒரு முடிவு கிடைக்கும். குறைதீர் அலுவலரைத் தாண்டிவிட்டு நேரே குழுவுக்குப் போகாதீர்கள்.

மூன்றாவதுதான் உண்மையான தணிக்கை. ‘தேசப் பாதுகாப்பு அல்லது பொது ஒழுங்கு தொடர்பான அரசு உத்தரவின் காரணமாக இந்த நாட்டில் கிடைக்காது’ என்ற பொருளில் ஒரு வரி பக்கத்தில் தெரியும். வெளிநாட்டிலிருக்கும் உறவினருக்கு அதே வீடியோ ஓடும். உத்தரவு என்ன, யார் போட்டார், எந்தச் சொல்லுக்காக என்று எதுவும் உங்களுக்குச் சொல்லப்படாது.

இதற்கான அதிகாரம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 69ஏ பிரிவில் இருக்கிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, இவை சார்ந்த குற்றத்தைத் தூண்டுதல் – அந்தப் பிரிவு சொல்லும் காரணங்கள் இவ்வளவே. அமைச்சரின் மனம் புண்படுவது அந்தப் பட்டியலில் இல்லை. உத்தரவை மீறும் தளத்தின் பொறுப்பாளருக்கு ஏழாண்டு வரை சிறை உண்டு. எனவே யூடியூப் உங்களுக்காகச் சண்டை போடும் என்று காத்திருக்காதீர்கள். அது முதலில் முடக்கும்.

அதே சட்டத்தின் கீழ் 2009-இல் வந்த விதிகளில் உங்களுக்குச் சாதகமானதும் இருக்கிறது. 8-ஆவது விதிப்படி, வீடியோவை வெளியிட்டவரை அடையாளம் காண நியாயமான முயற்சி எடுத்து, அவருக்கு அறிவிப்பு அனுப்பி, பதில் சொல்ல 48 மணி நேரத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். சேனலில் தொலைபேசி எண்ணே போட்டிருக்கும்; ஆனாலும் அறிவிப்பு வராது. அவசரம் என்று 9-ஆவது விதியைக் காட்டுவார்கள், ரகசியம் என்று 16-ஆவது விதியைக் காட்டுவார்கள். ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 69ஏ பிரிவைச் செல்லும் என்று சொன்னபோது, காரணங்கள் எழுத்தில் பதிவாகின்றன, அதனால் உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியும் என்பதையும் ஆதாரமாகக் கொண்டது. உத்தரவையே காட்டாவிட்டால் எதை வைத்துக் கேள்வி கேட்பது?

எனவே முதல் கடிதம் உத்தரவின் நகல் கேட்டுத்தான் போக வேண்டும். செய்தி, நடப்பு விவகாரச் சேனல் என்றால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகச் செயலாளருக்கு. மற்றவை என்றால் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகச் செயலாளருக்கு. எது என்று பிடிபடவில்லையா, இருவருக்கும் அனுப்புங்கள். மின்னஞ்சலோடு நிற்காமல் ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையுடன் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சேனல் பெயர், வீடியோ இணைப்பு, முடங்கிய தேதி, யூடியூப் அனுப்பிய வாசகம் ஆகியவற்றோடு மூன்று கோரிக்கைகள் போதும்: உத்தரவின் நகல், அதற்கான காரணம், நேரில் விளக்க வாய்ப்பு. தேச பக்தி, உங்கள் சேனலின் சாதனை எல்லாம் கடிதத்தில் வேண்டாம். கூடவே 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. மறுப்பார்கள். அந்த மறுப்பே நாளை உங்கள் ரிட் மனுவில் ஓர் இணைப்பு.

போய் நின்றவர்களுக்குப் பலன் கிடைத்திருக்கிறது. 2018-இல் பத்திரிகையாளர் தனுல் தாக்கூரின் வரதட்சணை நையாண்டித் தளம் முடக்கப்பட்டது. உத்தரவின் நகலைக் கொடுத்து அவர் தரப்பைக் கேட்கும்படி 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் ஒரு கேலிச்சித்திரத்துக்காக முழுவதுமாக முடங்கியது நமக்குத் தெரியும். சர்ச்சைக்குரிய அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறக்க வேண்டும் என்று மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது முழு வெற்றி இல்லை. ஆனால் ஒரு படத்துக்காக முழுத் தளத்தையும் பூட்டி வைத்த நிலை அந்த உத்தரவால் முடிவுக்கு வந்தது.

உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து வரும் போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘வீடியோவை எடுத்துடுப்பா’ என்று ஆய்வாளர் போனில் சொல்வது சட்டப்படியான நீக்க உத்தரவு ஆகாது. மாநில அரசு 69ஏ-யில் கோரிக்கை வைக்கவே தலைமைச் செயலாளர் ஒப்புதல் வேண்டும். அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79(3)(பி) பிரிவின் கீழ் தளத்துக்கு அறிவிப்பு அனுப்பும் வழியிலும், 2025 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, காவல்துறையில் டிஐஜி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் கையெழுத்திட முடியும். ‘எழுத்தில் கொடுங்கள் சார்’ என்று மரியாதையாகச் சொல்லுங்கள். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி எழுத்தில் சம்மன் வந்தால் மட்டும் தவிர்க்காதீர்கள், வழக்கறிஞரோடு போங்கள்.

இனி, பலரும் யோசிக்காத இன்னொரு முடக்கம். வீடியோவும் பாட்டும் ஓட்ட நாம் எல்லோரும் பயன்படுத்தும் விஎல்சி பிளேயரின் தளமே 2022-இல் இந்தியாவில் பல மாதம் திறக்கவில்லை. அதை உருவாக்கும் பிரான்சு நாட்டு வீடியோலேன் அமைப்புக்கு முன்னறிவிப்பு எதுவும் போகவில்லை. தகவல் உரிமை மனுவுக்கு உருப்படியான பதில் வரவில்லை. இணைய உரிமை அமைப்பான இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் துணையோடு அவர்கள் அக்டோபரில் சட்ட அறிவிப்பு அனுப்பிய பிறகுதான் நவம்பரில் தடை நீங்கியது. நடுவில் நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? தேடுபொறியில் முதலில் வந்த ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிக்கொண்டார்கள். இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். பாதுகாப்புக்காக என்று ஒரு தளத்தை மூடி, மக்களைத் தெரியாத தளங்களுக்குத் துரத்திய அதிகாரிகளை என்னவென்று சொல்வது!

விஎல்சி போன்ற திறமூல பிளேயர்கள் மேல் எனக்கு மதிப்பு அதிகம். ஆனால் அவற்றுக்கு இந்தியாவில் அலுவலகம் இல்லை, குறைதீர் அலுவலர் இல்லை. பெரும்பாலும் தன்னார்வலர்கள் கையில் இருக்கின்றன. கிளெமென்டைன் என்ற நல்ல இசை பிளேயரின் கடைசி நிலையான பதிப்பு 2016-இல் வந்தது. இன்னும் அதை ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். புதுப்பிக்காத பிளேயரில் யாரோ அனுப்பிய கோப்பைத் திறப்பது ஆபத்து.

அரசியல் வீடியோ எடுக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய குழி வேறு இருக்கிறது. விஎல்சியில் கோப்பை ஓட்டுவதால் கோப்பு மாறாது. ஆனால் மீடியா தகவல் சன்னலைத் திறந்து தலைப்பில் ‘கூட்டம், இரண்டாம் நாள்’ என்று தட்டி, கீழே இருக்கும் ‘சேவ் மெட்டாடேட்டா’ பொத்தானை அழுத்தினால் அந்த விவரம் கோப்புக்குள்ளேயே எழுதப்படும். சில இசை பிளேயர்கள் நீங்கள் போடும் நட்சத்திரக் குறியையும் எத்தனை முறை கேட்டீர்கள் என்பதையும் ஒலிக்கோப்பில் எழுத வசதி வைத்திருக்கின்றன. பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது. நீதிமன்றத்தில் தெரியும். இன்னொன்று: பிளேலிஸ்டை மட்டும் பென்டிரைவில் ஏற்றிவிட்டு, பேச்சுகள் எல்லாம் பத்திரமாக இருப்பதாக நினைக்கிறார்கள். அதில் இருப்பது கோப்பு எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே, பேச்சு இல்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63(4) பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாகக் காட்ட ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதன் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ‘ஏ’ பகுதியை நீங்களும் ‘பி’ பகுதியை நிபுணர் ஒருவரும் நிரப்ப வேண்டும். எந்தக் கருவி, என்ன மாடல், வரிசை எண் அல்லது ஐஎம்இஐ எண் என்ன, கோப்பின் ஹாஷ் மதிப்பு என்ன என்று கேட்கும். எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் என்பது கோப்பிலிருந்து கணக்கிடப்படும் 64 எழுத்து-எண் வரிசை. கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் வரிசை முழுவதும் மாறிவிடும். கோப்புக்குள் தலைப்பு எழுதினால் மாறும். நட்சத்திரக் குறி எழுதினால் மாறும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்படுவதால் மாறும்.

கணினியில் 7-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ஹாஷ் எடுக்க ஒரு நிமிடம் போதும். படம் பிடித்த அன்றே எடுத்து, தேதியோடு உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள். அசல் கோப்பை ஒரு வன்தட்டில் தனியே வைத்து, எடிட்டிங், ஓட்டிப் பார்ப்பது, பெயர் வைப்பது எல்லாம் நகலில் செய்யுங்கள். கேமரா கார்டை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். விஎல்சியை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். அங்கே அந்த நிறுவல் கோப்புக்கும் ஹாஷ் மதிப்பு கொடுத்திருப்பார்கள். இதே முறையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். திரும்பவும் சொல்கிறேன், அசல் கோப்பை எந்த பிளேயரின் நூலகத்திலும் சேர்க்காதீர்கள்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்றால் அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு. யூடியூப் மின்னஞ்சல், முடங்கிய பக்கத்தின் படம், அமைச்சகத்துக்கு எழுதிய கடிதம், அஞ்சல் ரசீது, தகவல் உரிமை மறுப்பு, 63(4) சான்றிதழ் ஆகியவற்றோடு வீடியோவில் பேசியது முழுவதையும் எழுத்தில் இறக்கி ஆங்கில மொழிபெயர்ப்புடன் வையுங்கள். துண்டு துண்டாக இல்லாமல் முழுப் பேச்சும் இருக்க வேண்டும். அரசுத் தரப்பு எந்த வரியை எடுத்தாலும் அதற்கு முன்னும் பின்னும் என்ன பேசினீர்கள் என்று நீதிபதி பார்க்க முடிய வேண்டும். வழக்கறிஞர் கட்டணம் கட்ட வழியில்லாதவர்களுக்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இலவச உதவி தருகிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் கிடைக்கும். வருமானத்தின் அடிப்படையில் உதவி கேட்பவர்கள் வருமானச் சான்று கொண்டுபோக வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாலே உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவுக்கு வழிகாட்டுவார்கள்.