குழந்தைகளுக்குப் பரிசோதனை, வினாத்தாளைப் பரிசோதிப்பது யார்?

புது தில்லி: எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பரிசோதித்து, குறைபாடு ஏற்படும் அபாயத்தில் உள்ளவர்களை இனங்காண வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவு. 2016 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய சட்டம் இது. எதைக் கொண்டு பரிசோதிப்பது என்று அப்பிரிவு கூறவில்லை. அறிவுசார் குறைபாட்டைப் பொருத்தவரை சிக்கல் அங்குதான் தொடங்குகிறது.

பார்வைக் குறைவை எழுத்துப் பலகை காட்டிவிடும். அறிவு வளர்ச்சியையோ தாயிடம் கேட்கும் சில கேள்விகளைக் கொண்டே முதலில் கணிக்க வேண்டியுள்ளது. அயல்நாட்டு வினாத்தாளை அப்படியே மொழிபெயர்த்தால், கையால் உண்ணும் வீட்டுக் குழந்தைக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாததும் குறையாகிவிடும்.

எனவே, ஒரே குழந்தைகளிடம் வினாத்தாளையும் நிபுணர்களின் முழுமையான மதிப்பீட்டையும் பயன்படுத்தி, இரண்டின் முடிவுகளும் எந்த அளவு பொருந்துகின்றன என்று பார்ப்பது அவசியம். திருவனந்தபுரத்தில் உருவாகி 1991-ல் வெளியான, 2 வயது வரையிலான குழந்தைகளுக்குரிய வளர்ச்சிப் பட்டியல் இதற்கு முன்னோடி. டென்வர் சோதனையுடன் ஒப்பிட்டபோது, வளர்ச்சித் தாமதம் உள்ள 100 பேரில் சுமார் 67 பேரை அது கண்டறிந்தது.

கணக்கு சொல்வது என்ன?: 1,000 குழந்தைகளில் 20 பேருக்குக் குறைபாடு இருப்பதாகக் கொள்வோம். குறைபாடு உள்ளோர், இல்லாதோர் ஆகிய இரு தரப்பிலும் 80 சதவீதம் சரியாகக் கணிக்கும் வினாத்தாள் 16 பேரைக் கண்டறியும். 4 பேரைத் தவறவிடும். குறையற்ற 196 பேரையும் மேல் பரிசோதனைக்கு அனுப்பும். மாவட்ட மையத்துக்கு அலையும் கூலித் தொழிலாளிக்கு அது ஒரு நாள் ஊதிய இழப்பு. தவறவிடப்பட்ட குழந்தைக்கோ, 40 சதவீதக் குறைபாட்டுச் சான்றிதழும் அதைச் சார்ந்த சலுகைகளும் எட்டாமல் போகக்கூடும்.

லேசான குறைபாடு, பாடச் சுமை கூடும்போதுதான் பெரும்பாலும் வெளிப்படுகிறது. மழலைக்கான கேள்விகள் வளரிளம் பருவத்தினருக்குப் பொருந்தா. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டமோ பிறப்பு முதல் 18 வயது வரையிலானோரை உள்ளடக்கியது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மனவளர்ச்சி குன்றியோர் எனப் பதிவானவர்கள் சுமார் 15 லட்சம் பேர். 100-க்கு ஒருவர் என்ற உலகளாவிய மதிப்பீட்டின்படி, 121 கோடி மக்களில் அது 1 கோடியைத் தாண்டியிருக்க வேண்டும்.

எத்தனை குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டனர் என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. எந்த வினாத்தாள், எந்த மொழியில், எந்த வயதினரிடம் சரிபார்க்கப்பட்டது என்பதையும் அவையில் அரசு விளக்கினால்தான் சட்டத்தின் நோக்கம் நிறைவேறும்.