கல்லைக் காகிதத்தில் பிடித்த கேப்டன்

முகலாயர் கட்டடங்களின் மிகப் பழைய புகைப்படங்கள் என்றால் ஆக்ராதான் நினைவுக்கு வரும். 1850களில் அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜான் மர்ரி பெரிய கேமராவோடு தாஜ்மகாலைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அதே ஆண்டுகளில் தெற்கே இன்னொரு கேமராவும் இயங்கிக்கொண்டிருந்தது. அதன் தலைமையிடம் பெங்களூர். வைத்திருந்தவர் மெட்ராஸ் காலாட்படை அதிகாரி லின்னேயஸ் டிரைப்.

இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் 1822இல் பிறந்தவர். 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேலூர், சிரவணபெளகொளா ஆகிய இடங்களைப் படம் பிடித்தார். மறு ஆண்டு மெட்ராஸ் கண்காட்சியில் வைத்த 68 படங்கள் அவருக்குப் பதக்கம் வாங்கித் தந்தன. அதே ஆண்டில் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு அவரையும் அனுப்பியது அரசு. திரும்பி வந்து, 120 படங்கள் கொண்ட தொகுப்பில் 50 பிரதிகளை பெங்களூரில் அச்சிட்டார். மொத்தம் 6,000 படங்கள். ஒவ்வொன்றும் கையால் எடுத்த அச்சு.

அரசுக்கு இந்த ஆர்வம் வந்ததில் ஒரு கணக்கு இருந்தது. கோயில் சிற்பங்களை வரைய ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதைவிடப் புகைப்படம் துல்லியமானது, செலவும் குறைவு என்று 1855இல் லண்டனில் கம்பெனி இயக்குநர்கள் கருதினார்கள். 1856இல் மெட்ராஸ் மாகாணத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரரானார் டிரைப்.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று பல மாதப் பயணம். பிலிம் சுருள் இல்லாத காலம். மெழுகு ஏற்றிய காகிதத்தில் வெள்ளி உப்பைப் பூசி, அதையே நெகட்டிவாகப் பயன்படுத்தினார். கண்ணாடித் தகடு என்றால் ஈரம் காயும் முன் எடுத்துக் கழுவியாக வேண்டும். காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு படத்துக்கே பல நிமிடங்கள் பிடிக்கும். நடமாடும் மனிதர்கள் அதில் பதியமாட்டார்கள். மதுரைக் கோயில் மண்டபங்கள் அவர் படங்களில் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடப்பது இதனால்தான். வானமும் வெளிறிப்போகும். அதனால் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டுவார்!

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். தாஜ்மகால் எழுந்துகொண்டிருந்த அதே 1630களில் கட்டப்பட்டது இது. தூண்களும் வளைவுகளும் சிதைந்து நின்ற கோலத்தை டிரைப்பின் படங்கள் காட்டுகின்றன. 1866இல் கவர்னராக வந்த நேப்பியர் பிரபு காலத்தில்தான் பழுது பார்க்கும் வேலை நடந்தது. அதற்கு முன் மகால் எப்படி இருந்தது என்பதற்கு இந்தப் படங்களே சாட்சி.

தஞ்சையில் செய்தது இன்னும் துணிச்சலானது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைக் கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ஹுல்ட்ஸ் அரசின் கல்வெட்டாய்வாளராக நியமிக்கப்பட்டது 1886இல். தஞ்சைக் கல்வெட்டுகள் நூலாக வெளிவரத் தொடங்கியது 1891இல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ராஜராஜனின் எழுத்துகள் காகிதத்தில் பதிந்துவிட்டன.

1858இல் மெட்ராஸ் அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். மறு ஆண்டே அவை கப்பலேறின. இன்று இருப்பது பிரிட்டிஷ் மியூசியத்தில்.

1859இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவிலியன் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கஜானா வற்றிக்கிடந்த நேரம். புகைப்படம் ஓர் ஆடம்பரம் என்று முடிவெடுத்து வேலையை நிறுத்தினார். சிக்கனம் என்று சொல்லித் தொடங்கிய திட்டம், ஊதாரித்தனம் என்று சொல்லி மூடப்பட்டது. டிரைப் படைப் பணிக்குத் திரும்பினார். அதன் பிறகு அவர் எடுத்த படங்கள் மிகக் குறைவு. 1902இல் இறந்தபோது அவரை நினைவில் வைத்திருந்தவர்களும் குறைவு.

உலகம் அவரைத் திரும்பிப் பார்க்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 2014, 2015இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்கள் அவருக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தின. பெங்களூரில் கலைக்கும் புகைப்படத்துக்குமான அருங்காட்சியகம் கஸ்தூரிபா சாலையில் திறக்கப்பட்டது 2023இல்.

டிரெவிலியன் மிச்சப்படுத்திய பணம் அன்றே செலவாகியிருக்கும். தென்னிந்தியாவில் இன்னும் எந்தெந்தக் கோயில்கள், கோட்டைகள், மண்டபங்கள் அந்தக் கேமராவின் முன் நின்றிருக்கும் என்பதற்குத்தான் கணக்கு இல்லை.